மட்டக்குதிரை முன்காலை ஊன்ற மறுக்கிறது: லாடம் அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். பள்ளத்தூர் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும் கடலையும் செய்கிறேன். அந்தியூர் சந்தையில் மகளுக்காக ஒரு பெட்டை மட்டக்குதிரை வாங்கி வந்தோம். என் இடுப்பு உயரம்தான் இருக்கும். பந்தயக் குதிரை மாதிரி திடமாக வரட்டும் என்று தினமும் குருணைக் கஞ்சி, தவிடு, மாட்டுத் தீவனம் கொடுத்து வந்தோம். முந்தாநாள் அய்யனார் கோயில் புரவியெடுப்பு. சாமி வாகனம் என்று ஆளுக்கொரு கை சர்க்கரைப் பொங்கல் ஊட்டிவிட்டார்கள். நேற்று இரவிலிருந்து முன்கால்களை நீட்டி வைத்து, பாரத்தையெல்லாம் பின்பக்கம் போட்டு நிற்கிறது. குளம்பு சுடுகிறது. லாடம் அடித்தால் சரியாகுமா? அப்புறம், அமெரிக்காவில் நாய் உயரத்துக்கு ஒரு குதிரை இருந்ததாமே! குட்டையான ஆண் குதிரையோடு சேர்த்து அந்த மாதிரி குட்டிகள் எடுத்து விற்கலாமா?

பதில்: லாடம் இப்போது வேண்டவே வேண்டாம். இன்றைக்கே கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் நிற்பும் குளம்புச் சூடும் குளம்பு அழற்சியின் அடையாளங்கள். இது நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய நோய் இல்லை.

மருத்துவர் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். ஐஸ்கட்டி வாங்கி, அகலமான தொட்டியில் தண்ணீரோடு போட்டு, முன்கால் இரண்டையும் அதில் நிறுத்துங்கள். குளம்போடு நிறுத்தாமல் அதற்கு மேலும் குளிர்ச்சி ஏற வேண்டும். அவ்வப்போது தண்ணீர் ஊற்றினால் பலன் இருக்காது. முதல் இரண்டு மூன்று நாள் விடாமல் குளிர்ச்சி தர வேண்டும். நடந்தால் கால் இளகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். ஓர் அடி எடுத்து வைத்தாலும் உள்ளே கிழிசல் கூடும். படுக்கும் இடத்தில் மணலைக் கனமாகப் பரப்புங்கள். படுக்க நினைத்தால் படுக்கட்டும். தீனியை மட்டும் அந்த மணலில் போடாதீர்கள், மணல் வயிற்றுக்குள் போனால் வயிற்றுவலி வரும். மாட்டுக்கு வாங்கி மீந்த வலி மருந்தையோ நீங்கள் சாப்பிடும் மாத்திரையையோ கொடுக்க வேண்டாம்.

உள்ளே நடப்பது இதுதான். குளம்பின் கொம்புச் சுவரும் அதற்குள் இருக்கும் எலும்பும், இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல, மெல்லிய மடிப்புகளால் பிணைந்திருக்கின்றன. குதிரையின் மொத்த எடையும் அந்தப் பிடிமானத்தில்தான் தொங்குகிறது. மாவுச்சத்து அளவுக்கு மீறிப் போனால் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று புளிக்கிறது. அமிலம் பெருகி, குடலில் உண்டாகும் நச்சு இரத்தத்தில் கலக்கிறது. கொழுத்த மட்டக்குதிரைகளுக்கு இரத்தத்தில் இன்சுலினும் எளிதில் எகிறும். இவற்றால் அந்த மடிப்புகள் வீங்கிப் பிடி விடுகின்றன. பிறகு எலும்பு கீழே இறங்கிவிடும். முற்றினால் உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டே வெளியே வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன பொங்கலைத் திருப்பி எடுக்க வழியில்லை.

பந்தயக் குதிரை என்று எழுதினீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். 1973-இல் அமெரிக்காவின் பெல்மாண்ட் பந்தயத்தின் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 நொடியில் ஓடி, 31 குதிரை நீள இடைவெளியில் வென்றது செக்ரடேரியட் என்ற குதிரை. அந்தப் பந்தயத்தில் அதன் நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. அதன் இதயம் சராசரிக் குதிரையுடையதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரியதாக இருந்தது என்று அதைப் பரிசோதித்த மருத்துவர் மதிப்பிட்டார். அப்பேர்ப்பட்ட குதிரையை 1989-இல், 19 வயதில், கருணைக்கொலை செய்ய வேண்டி வந்தது. காரணம் இதே குளம்பு அழற்சி. 2006-இல் அங்கேயே கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரைக்கு அடுத்த பந்தயத்தில் வலது பின்கால் முறிந்தது. அறுவைச் சிகிச்சை நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் பாரம் தாங்கிய மற்றக் காலில் குளம்பு அழற்சி வந்து, 2007 ஜனவரியில் அதன் கதையும் முடிந்தது. உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவம் கிடைத்த குதிரைகளுக்கே இந்தக் கதி. உங்கள் குதிரைக்கு நோய் ஆரம்பித்து ஒரு நாள்தான் ஆகிறது. அதனால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன்.

இனி தீனி. குருணை, தவிடு, வெல்லம், சோறு எல்லாம் இன்றோடு நிற்கட்டும். குதிரைத் தீனி என்று நாம் பேர் சொல்லும் கொள்ளும் இப்போதைக்கு வேண்டாம். அதற்காகப் பட்டினி போட்டுவிடாதீர்கள், அது இன்னொரு ஆபத்து. கொழுத்த சின்னக் குதிரை சாப்பிடாமல் கிடந்தால் உடம்பில் இருக்கிற கொழுப்பு இரத்தத்தில் இறங்கிக் கல்லீரலைக் கெடுக்கும். சினையாக இருந்தால் இன்னும் மோசம். நீங்கள் சொன்ன உயரத்துக்கு 120 கிலோ இருக்கலாம். நாளுக்குச் சுமார் 2 கிலோ காய்ந்த புல் போதும். கண்மாய்க் கரை அறுகை அறுத்து, காயவைத்து, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஊறினால் சர்க்கரை குறையும். குடிக்க நல்ல தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

மாட்டுத் தீவனத்தைக் குணமான பிறகும் தொடாதீர்கள். சில மாட்டுத் தீவனங்களிலும் கோழித் தீவனங்களிலும் மொனென்சின் என்ற மருந்து சேர்க்கிறார்கள். தீவனத்தில் சேர்க்கும் அளவில் மாட்டுக்கு அது ஒன்றும் செய்யாது, குதிரைக்குக் கொஞ்சம் போனாலே இதயத் தசை அழிந்து உயிர் போகும். கம்பு நேப்பியர் புல்லையும் முழுத் தீனியாக்க வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். கூடவே தவிடும் சேர்ந்தால் நாளடைவில் முகத்து எலும்பே வீங்கும்.

குட்டிகள் விஷயம். நீங்கள் கேள்விப்பட்டது மிசௌரி மாநிலத்தில் 2001-இல் பிறந்த தம்பெலினாவாக இருக்கும். உயரம் 44.5 சென்டிமீட்டர், எடை 26 கிலோ. மினியேச்சர் என்ற மிகச் சிறிய குதிரை இனத்திலேயே குள்ளத்தன்மையோடு பிறந்த குதிரை அது. கால்கள் கோணலாகாமல் இருக்கத் தனி உதவி தேவைப்பட்டது. மினியேச்சர் இனங்களில் இந்தக் குறையைச் சுமக்கும் மரபணு உண்டு. பார்வைக்கு நன்றாக இருக்கும் ஆணும் பெண்ணும் அதைச் சுமந்தால், ஒவ்வொரு ஈற்றிலும் குள்ளக்குட்டி பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தாடை பொருந்தாமலும் கால் வளைந்தும் பிறப்பவை எத்தனையோ. தாய் சின்னதாக இருந்தால் பிரசவத்தில் குட்டி சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. குட்டையான குதிரையோடு சேர்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அது வியாபாரமானாலும் பிறக்கிற உயிர்தான் வலியைச் சுமக்கும்.

மருத்துவர் வந்தால் முன்குளம்புகளைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்க வழியுண்டா என்று கேளுங்கள். உள்ளூரில் முடியாவிட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கச் சொல்லுங்கள். எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்தால்தான் குளம்பை எப்படிச் சீவுவது, பிற்பாடு லாடம் தேவையா என்று முடிவு செய்யலாம். டெட்டனஸ் ஊசியும் அப்போதே போட்டுவிடுங்கள். படத்தையும் அவர் எழுதித்தரும் மருந்துச் சீட்டையும் எனக்கு அனுப்புங்கள், அடுத்த மாதத் தீனியைச் சேர்ந்து முடிவு செய்வோம்.