பறக்கும் தட்டுக் கோப்புகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இந்தியாவில் இருந்துகொண்டு அமெரிக்க, பிரிட்டிஷ் அரசுகளிடம் யுஎஃப்ஓ (அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்) ஆவணங்களைக் கேட்க முடியுமா?

பதில்: முடியும். அந்த இரு நாட்டுச் சட்டங்களும் மனுதாரரின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தத் துறை என்ற மூன்றும் மனுவில் இருக்கட்டும்.

கேள்வி: 'புளூ புக்' திட்டக் கோப்புகளைப் பெற எப்படி மனு எழுதுவது?

பதில்: எழுதவே வேண்டாம். அமெரிக்க விமானப்படை நடத்தி 1969-இல் மூடிய யுஎஃப்ஓ விசாரணைத் திட்டம் அது. ஏறத்தாழ 12,600 நிகழ்வுகள், அவற்றில் 700 போல விடை தெரியாதவை. எல்லாம் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் மைக்ரோஃபிலிமாக இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

கேள்வி: 'யுஎஃப்ஓ பற்றிய அனைத்து ஆவணங்களையும் தருக' என்று பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு எழுதினேன். செலவு அதிகமாகும் என்று மறுத்துவிட்டார்கள். எதையோ மறைக்கிறார்கள் அல்லவா?

பதில்: மறைக்கவில்லை. 'அனைத்து' என்று எழுதி, மறுப்பதற்கான காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு மனுவில் கேட்டதைத் தேடி எடுக்க 600 பவுண்டுக்கு மேல் ஆகுமென்றால் அங்குள்ள மத்திய அரசுத் துறைகள் மறுக்கலாம். மணிக்கு 25 பவுண்டு கணக்கில் அது 24 மணி நேர வேலை. உங்கள் மனுவுக்கு 24 மாதம்கூடப் போதாது.

மேலும், அந்த அமைச்சகத்தின் யுஎஃப்ஓ பிரிவு 2009-லேயே மூடப்பட்டுவிட்டது. ஐம்பதாயிரம் பக்கங்களுக்கு மேல் 2008 முதல் 2013 வரை தவணை தவணையாகக் காப்பகத்துக்குப் போய்விட்டன. முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் பொதுமக்களின் கடிதங்கள், நிரப்பிய படிவங்கள், நாளிதழ் நறுக்குகள்தான். 1967-க்கு முந்தைய கோப்புகளில் பலவற்றை ஐந்தாண்டு கழித்து வழக்கம்போல் அழித்துவிட்டார்கள். அதில் சதி இல்லை, அலமாரியில் இடம் இல்லை.

குறிப்பாகக் கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. யுஎஃப்ஓ பற்றி அதே அமைச்சகத்துக்காக எழுதப்பட்ட 'காண்டைன்' என்ற ரகசிய ஆய்வறிக்கை 2000-இல் முடிந்தது. ஆய்வாளர்கள் தடயம் பிடித்து அந்த ஓர் ஆவணத்தை மட்டும் கேட்டார்கள். 2006-இல் வெளியே வந்தது. இங்கிலாந்தின் ரெண்டில்ஷாம் காட்டில் 1980 டிசம்பரில் தெரிந்த ஒளிகளைப் பற்றி, அருகிலிருந்த அமெரிக்க விமானப்படைத் தளத்தின் அதிகாரி ஹால்ட் எழுதிய குறிப்பு, பிரிட்டனில் தகவல் சட்டமே இல்லாத 1983-இல், அமெரிக்கச் சட்டத்தின் வழியாகக் கிடைத்தது. ஒரு காகிதத்தின் நகல் வேறு யாரிடம் இருக்கும் என்று யோசிப்பவரே நல்ல மனுதாரர். நீங்கள் மறுபடி எழுதுங்கள்: ஆண்டு, ஊர், துறை.

கேள்வி: வந்த பக்கங்களில் பாதி கறுப்பு மை. வேற்றுக்கிரகவாசிகள் பற்றிய பகுதியைத்தான் அழித்திருக்கிறார்களா?

பதில்: பெரும்பாலும் அந்த மைக்கு அடியில் இருப்பவை புகார் கொடுத்தவரின் பெயரும் முகவரியும். உளவுத்துறைத் தாள் என்றால் கதை வேறு. 1980-இல் அமெரிக்காவின் என்எஸ்ஏ என்ற உளவு அமைப்பு, நீதிபதி மட்டும் பார்க்க 21 பக்கப் பிரமாணப் பத்திரம் கொடுத்து, யுஎஃப்ஓ ஆவணங்களைக் கேட்டுத் தொடுத்த வழக்கில் வென்றது. பின்னர் அதில் பெரும்பகுதி வெளியானபோது தெரிந்தது இதுதான்: அவர்கள் காத்தது அயல்நாட்டுத் தகவல்தொடர்பை ஒட்டுக்கேட்கும் முறையை. வானத்தில் பறந்ததை அல்ல.

கேள்வி: 'அத்தகைய ஆவணம் இருப்பதை உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது' என்று சிஐஏ பதில் அனுப்பியிருக்கிறது. அடுத்து என்ன?

பதில்: 90 நாட்களுக்குள் மேல்முறையீடு. கடலடியில் கிடந்த சோவியத் நீர்மூழ்கியைத் தூக்க சிஐஏ அனுப்பிய கப்பலைப் பற்றி 1975-இல் கேட்டவர்களுக்குச் சொல்லத் தொடங்கிய பதில் அது. இன்று எதற்கும் சொல்கிறார்கள்.

கேள்வி: மூன்று பறக்கும் தட்டுகள் பிடிபட்டதாக எஃப்பிஐ ஆவணமே சொல்கிறதே?

பதில்: 1950 மார்ச்சில் எழுதிய ஒற்றைப் பக்கக் குறிப்பு. ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்ன கதை. எஃப்பிஐ அதை விசாரிக்கவே இல்லை. அரசுக் கோப்பில் இருப்பதாலேயே எதுவும் உண்மையாகிவிடாது. இதை எத்தனை முறை எழுதுவது!

கேள்வி: வேற்றுக்கிரகவாசிகள் உண்டா என்று ஆர்டிஐயில் கேட்கலாமா?

பதில்: பத்து ரூபாய் வீண். கையில் உள்ள ஆவணத்தைத்தான் அலுவலகம் தரும், கருத்தை அல்ல.

கேள்வி: மனு போட்டு இரண்டு மாதமாயிற்று. பதில் இல்லை.

பதில்: எந்த நாட்டில், எந்தத் துறையில் என்று எழுதவில்லை. அமெரிக்கா என்றால் சட்டப்படி 20 வேலை நாட்கள், நடைமுறையில் ஆண்டுக்கணக்கு. மனு எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டல் அனுப்புங்கள். எண்ணைத் தொலைத்திருந்தால் எனக்கு எழுத வேண்டாம்.