அமெரிக்கக் கம்பெனியான ஃபெண்டர் 1960-களில் செய்த பேஸ் கிட்டாருக்கு இன்று கேட்கும் பெரிய விலை தகுமா?

ஒலிக்காக மட்டும் என்றால் தகாது. கையில் பிடிக்கும் சுகத்துக்காக என்றால், பணம் இருப்பவர் வாங்கட்டும்.

"அந்தக் காலத்து சவுண்ட்" என்று எல்லோரும் காட்டுவது மோடவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனியில் வாசித்த பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனை. அவரிடம் இருந்தது ஃபெண்டரின் 1962 ப்ரிசிஷன் பேஸ் மாடல். அன்று அது கடையில் புதிதாகக் கிடைத்த சாதாரண ஃபேக்டரி சரக்கு, பழசே இல்லை! தடித்த ஃபிளாட்வவுண்ட் (மேற்பரப்பு வழவழப்பான) கம்பிகளை அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். கம்பிகள் உடலில் வந்து நிற்கும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அந்தக் குறுகிய, உருண்ட நாதத்தில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான். இன்றைய நடுத்தர விலை பேஸில் இதையே செய்து பாருங்கள், கிட்டத்தட்ட அங்கே போய்விடலாம். மரம் காய்ந்து நாதம் கூடிவிட்டது என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் என் காதுக்கு அது பிடிபடுவதில்லை.

இடக்கை பிடிக்கும் நீளமான கழுத்து, அதாவது நெக், விஷயம் வேறு. பல வருஷம் வாசித்ததில் பின்பக்க லாக்கர் பூச்சு தேய்ந்து, விரல்கள் அழுத்தும் ஃபிங்கர்போர்டின் ஓரங்கள் மழுங்கி, கை தானாக வழுக்கிக்கொண்டு போகும். புதிதாகத் தேய்த்துப் பழசாக்கி விற்பவற்றில் சில நெருங்கி வருகின்றன, எல்லாம் அல்ல.

1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனி சிபிஎஸ் என்ற பெரிய ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனதால், அதற்கு முந்தையது என்றாலே விலை எகிறும். ஆனால் மறுநாளே தரம் விழுந்துவிடவில்லை; அதே தொழிலாளிகள்தானே செய்தார்கள். எழுபதுகளின் நடுவில் வந்தவற்றைத்தான் பார்த்து வாங்க வேண்டும். ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸில் மூன்றே திருகில் நிற்கும் நெக், சிலவற்றில் நாலரை கிலோவைத் தாண்டும் எடை. அதற்காக அந்தக் காலத்தையே ஒதுக்கவும் முடியாது. பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் பளீரென்ற ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிப்பது), ஒலியைக் கூட்டும் ப்ரீஆம்ப் சேர்த்த 1977 ஜாஸ் பேஸில் பிறந்ததுதான்.

பழையது வாங்கப் போனால் முதலில் நெக்கை நேராக வைக்கும் உள்கம்பியான ட்ரஸ் ராடு இன்னும் திரும்புகிறதா என்று பாருங்கள். அறுபதுகளின் பேஸில் அதைத் திருப்பும் இடம் நெக்கின் அடிமுனையில் இருப்பதால் பெரும்பாலும் நெக்கைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும், விற்பவர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள். பிறகு மெல்லிய ஜி கம்பியில் ஐந்தாம் ஃபிரெட்டிலிருந்து (ஃபிங்கர்போர்டின் உலோகக் கோடு) ஏழு வரை ஒவ்வொரு ஸ்வரமாக நீட்டிக் கேளுங்கள். ஒலி சட்டென்று செத்துப்போகும் இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மறுபெயிண்ட் அடித்தது கிடைத்தால் தயங்காதீர்கள். சேகரிப்பவர்கள் தொட மாட்டார்கள், விலை நன்றாக இறங்கியிருக்கும்.