கேப்டனுக்கு ஒரு வருடம்

அன்புள்ள அண்ணா,

2025 கோடையில் டாலஸ் ஸ்டார்ஸ் ஐஸ் ஹாக்கி அணி ஜேமி பென்னுக்கு ஒரே ஒரு வருட ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 1 மில்லியன் டாலர். போன சீசன் வரை அவர் கணக்கு வருடத்துக்கு 9.5 மில்லியன். 2013-லிருந்து கேப்டன், வேறு எந்த அணிக்கும் ஆடாதவர். இது அவமானம் இல்லையா? என் நண்பர்களிடம் தினமும் இதே சண்டைதான். 'ப்ளேஆஃப்பில் 18 ஆட்டம் ஆடி ஒரே ஒரு கோல், அவருக்கு ஒரு வருடமே அதிகம், அந்த இடத்தில் ஒரு சின்னப் பையனை ஆட வை' என்கிறார்கள். இவ்வளவு உழைத்தவருக்கு இரண்டு மூன்று வருடம் கொடுத்து மரியாதையாக வழியனுப்பலாம் என்பது என் கட்சி. நீங்கள் எந்தப் பக்கம்?

இப்படிக்கு,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

நான் உங்கள் கட்சியும் இல்லை, உங்கள் நண்பர்கள் கட்சியும் இல்லை. பென்னை அவருடைய முதல் சீசனிலிருந்து பார்த்து வருகிறேன், அந்த மனிதர் மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனாலும் இன்றைக்கு அவருக்குக் கொடுக்கக்கூடியதில் ஒரு வருடம்தான் நல்ல ஒப்பந்தம் என்று நினைக்கிறேன், அணிக்கு மட்டுமல்ல, அவருக்கும்.

முதலில் அந்த 1 மில்லியன். தனியாகப் பார்த்தால் மனசு சுருங்கத்தான் செய்யும். ஆனால் அதற்கு மேல் போனஸாக 3 மில்லியன் வரை கிடைக்க வழி வைத்திருக்கிறார்கள். ஏன் இப்படிப் பிரித்து எழுதினார்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். விதிப்படி, 35 வயதானவர் ஒரு வருட ஒப்பந்தம் போட்டால் அதில் போனஸ் சேர்க்கலாம். வயதைக் கணக்குப் பார்க்கும் நாள் ஜூன் 30. பென்னுக்கு 36 முடிவது 2025 ஜூலை 18-ல், அதனால் விதிக்குள் வந்துவிட்டார். நீங்கள் கேட்கிற மாதிரி இரண்டு மூன்று வருடமாக எழுதியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது, வருடத் தொகை முழுவதும் முதல் நாளிலிருந்தே அணியின் சம்பள உச்சவரம்புக்குள் (வீரர்கள் எல்லோருக்குமாக ஓர் அணி ஒரு சீசனில் செலவழிக்கக்கூடிய தொகை) அடங்க வேண்டும். டாலஸுக்கு அதற்கு இடம் எங்கே இருக்கிறது? முன்கள நட்சத்திரம் மிக்கோ ரன்டானனின் வருடத்துக்கு 12 மில்லியன் 2025-26 சீசனிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. இடம் பண்ணுவதற்காக இன்னொரு முன்கள வீரர் மேசன் மார்ச்மென்டை சியாட்டிலுக்கு அனுப்பிவிட்டார்கள். உச்சவரம்பு 88-லிருந்து 95.5 மில்லியனாக ஏறியும் இந்த நிலைமை.

போனஸ் இலவசப் பணம் என்று நினைத்துவிடாதீர்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். உச்சவரம்பில் 7.5 சதவீதம் வரை போனஸால் தாண்டிப் போகலாம், ஆனால் தாண்டிய தொகை அடுத்த சீசன் கணக்கில் வந்து உட்காரும். பாஸ்டன் இதை அனுபவித்தது. 2022-ல் அவர்களுடைய கேப்டன் பட்ரிஸ் பெர்ஜரான் இதே மாதிரிதான் போட்டார், ஒரு வருடம், 2.5 மில்லியன் சம்பளம், இன்னொரு 2.5 மில்லியன் போனஸ். கூடவே டேவிட் கிரெய்ச்சிக்கும் அதே பாணி. அந்த சீசனில் பாஸ்டன் 65 ஆட்டம் ஜெயித்து 135 புள்ளி எடுத்தது, லீக் வரலாற்றில் யாரும் எடுக்காத புள்ளி. முதல் சுற்றில் ஃப்ளோரிடாவிடம் 3-1 என்று முன்னால் இருந்துவிட்டுத் தோற்றார்கள். பெர்ஜரானும் கிரெய்ச்சியும் ஓய்வு பெற்ற பிறகு, அவர்கள் இல்லாத அணியின் கணக்கில் 4.5 மில்லியன் பாக்கி நின்றது. இருந்தாலும் அந்த வருடத்தை வேண்டாம் என்று சொல்கிற பாஸ்டன் ரசிகரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

சரி, மரியாதைக்கு வருவோம். குறுகிய ஒப்பந்தம் என்றாலே அணி கைகழுவப் பார்க்கிறது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. டெட்ராய்ட்டின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் கடைசிக் காலத்தில் வருடா வருடம்தான் கையெழுத்துப் போட்டார்; அப்படி ஆடிக்கொண்டிருந்தபோதுதான், 41 வயதில், லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை வாங்கினார். லாஸ் ஏஞ்சலிஸ் கேப்டன் கோபிட்டார் 10 மில்லியனிலிருந்து 7-க்கு இறங்கி வந்து இரண்டு வருடம் போட்டார். பிட்ஸ்பர்க்கில் சிட்னி கிராஸ்பி 2024-ல் இரண்டே வருடம் போட்டார், அதுவும் 2008-லிருந்து அவர் வாங்கிவரும் அதே 8.7 மில்லியனுக்கு. யாரும் அவர்களை அவமானப்படுத்தவில்லை. உடம்பு எப்படி இருக்கும் என்று முப்பத்தைந்துக்கு மேல் யாருக்கும் தெரியாது, அதை ஒவ்வொரு கோடையிலும் தாங்களே பார்த்து முடிவெடுத்துக்கொள்ளும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

உண்மையில் பென்னை வாட்டியது நீண்ட ஒப்பந்தம். 2016 கோடையில் எட்டு வருடம், 76 மில்லியன். அது ஆரம்பித்த 2017-18-ல் உச்சவரம்பே 75 மில்லியன்தான், அதாவது அணியின் எட்டில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆள் பேரில். வரம்பு வருடா வருடம் ஏறும், அவர் பங்கு சின்னதாகிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. பெருந்தொற்று வந்து மூன்று சீசன் 81.5-லேயே நின்றுவிட்டது. அதே நேரத்தில் அவருடைய புள்ளிகளும் (கோலும், கோலுக்கு உதவிய அசிஸ்டும் சேர்த்து) இறங்கின: 79, அப்புறம் 53, அப்புறம் 39. 2018 டிசம்பரில் அணியின் தலைமை நிர்வாகியே அவரையும் சக வீரர் டைலர் செகினையும் பத்திரிகைகளில் கெட்ட வார்த்தை போட்டுத் திட்டினார். அந்தப் பேட்டியைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அதுதான் தம்பி அவமானம். ஒவ்வொரு ஆட்டத்திலும் 9.5 மில்லியனுக்கு ஆடினாரா என்று அளந்து பார்த்த அந்த வருடங்கள் இனி இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

டாலஸ் ரசிகர்களுக்கு இன்னொரு ஞாபகமும் இருக்கும். 2010 ஏப்ரலில் டாலஸின் நீண்டகால நட்சத்திரம் மைக் மொடானோ அந்த ஊர் ரசிகர்கள் முன்னால் கடைசி ஆட்டம் ஆடியபோது பென் முதல் சீசன் பையன். மொடானோ சமன் செய்யும் கோலையும் போட்டு ஷூட்-அவுட்டிலும் ஒன்றைப் போட்டார். அந்தக் கோடையில் அணி அவருக்குப் புது ஒப்பந்தம் தரவில்லை. நாற்பது வயதில் டெட்ராய்ட்டுக்குப் போனார், ஸ்கேட் பட்டு மணிக்கட்டில் தசைநார் அறுந்தது, 40 ஆட்டத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியில் டாலஸ் வீரராக ஓய்வு பெற வேண்டும் என்பதற்காக, அவருடைய 9-ஆம் எண்ணை வைத்து 999,999 டாலருக்கு ஒரு நாள் ஒப்பந்தம் போட்டார்கள். அந்த ஒரு நாளுக்கு முன்னால் ஒரு வருடம் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு எப்போதும் தோன்றும். பென் விஷயத்தில் அதைக் கொடுத்துவிட்டார்கள்.

இனி உங்கள் நண்பர்கள் சொல்வது. அதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்க மாட்டேன். 18 ஆட்டத்தில் ஒரு கோல், இரண்டு அசிஸ்ட் என்பது எட்மன்டன் மாதிரி அணியைத் தாண்டிப் போகப் போதாது. ஒழுங்கு விஷயமும் இருக்கிறது. 2023-ல் வேகஸுக்கு எதிராக, ஆட்டம் ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகாமல், கீழே கிடந்த மார்க் ஸ்டோனின் கழுத்துப் பக்கம் மட்டையை இறக்கினார். இரண்டு ஆட்டம் தடை. கேப்டன் செய்யக்கூடாத காரியம், அன்றைக்கும் எனக்கு ஒப்பவில்லை, இன்றைக்கும் ஒப்பவில்லை. 2025 வினிபெக் தொடரில் மார்க் ஷைஃபலியை எதிர்பாராத நேரத்தில் குத்தி 5,000 டாலர் அபராதம் வேறு. மேற்குப் பிரிவு இறுதியில் மூன்று வருடம் வரிசையாகத் தோற்ற அணியில் கேப்டனைக் கேள்வி கேட்காமல் யாரைக் கேட்பது?

ஆனால் 'ஒரு வருடமே அதிகம்' என்பதில்தான் நான் நின்றுவிடுகிறேன். 2022-23-ஐப் பாருங்கள். உச்சத்தில் இருந்தபோது ஓர் ஆட்டத்துக்கு இருபது நிமிடத்தை ஒட்டி பனியில் நின்றவர், அந்த சீசனில் பதினாறை ஒட்டித்தான் ஆடினார். பெரும்பாலும் பக்கத்தில் வயட் ஜான்ஸ்டன், அப்போது 19 வயதுப் பையன். அந்தக் குறைந்த நேரத்தில் பென் 33 கோல் உட்பட 78 புள்ளி எடுத்தார், பையன் முதல் சீசனிலேயே 24 கோல் போட்டான். உங்கள் நண்பர்கள் கேட்கிற சின்னப் பையன்கள் ஆட வேண்டிய இடம் பென் இல்லாத லைன் (ஒன்றாகப் பனியில் இறங்கும் மூன்று முன்கள வீரர்கள்) என்று யார் சொன்னது? 1 மில்லியனுக்கு அவரை விடக் கோல் வலை முன்னால் நிற்கத் தெரிந்த ஆள் இந்தக் கோடையில் எங்கே கிடைப்பான்?

அந்த நிற்கிற வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2014 சோச்சி ஒலிம்பிக் அரையிறுதி, கனடாவும் அமெரிக்காவும். இரண்டாவது பீரியட் ஆரம்பத்தில் இடதுபக்கம் நீலக்கோட்டிலிருந்து கனடாவின் ஜே பௌமீஸ்டர் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) தள்ளுகிறார், ஷாட் என்றும் சொல்ல முடியாது, பாஸ் என்றும் சொல்ல முடியாது. பென் வலை வாசலில் நிற்கிறார். மட்டையின் தட்டைப் பகுதி பனியில் படிந்து அசையாமல் இருக்கிறது. பக் அதில் பட்டுக் கொஞ்சமே திசை மாறுகிறது, கோலி ஜோனதன் குவிக் நகர்வதற்குள் உள்ளே போய்விடுகிறது. ஆட்டம் 1-0, அதுதான் ஒரே கோல். அதில் ஓட்டமே கிடையாது, எங்கே நிற்பது, தள்ளுபவனைத் தாங்கிக்கொண்டு மட்டையை எப்போது தரையில் வைப்பது என்பதுதான் இருக்கிறது. கால் வேகம் போன பிறகும் இது போகாது. பதினெட்டு இருபது நிமிடம் ஓடிக் களைத்தவனிடம்தான் இது முதலில் போகும், ஏனென்றால் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே அவனிடம் தெம்பு இருக்காது.

அதனால் சண்டை போடுவதென்றால் சம்பளத்தையும் வருடத்தையும் விட்டுவிட்டு நிமிடத்துக்காகப் போடுங்கள் என்று உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். சட்டையில் கேப்டன் எழுத்து இருக்கிறது என்பதற்காகப் பெரிய ஆட்டங்களில் ஓய்வு தராமல் திரும்பத் திரும்பப் பனியில் இறக்கினால் 1 மில்லியன் ஒப்பந்தமும் கெட்ட ஒப்பந்தம் ஆகிவிடும். மூன்றாவது லைனில் பதின்மூன்று பதினான்கு நிமிடம், எதிரணிக்கு ஆள் குறைந்திருக்கும் பவர் ப்ளேயில் இரண்டாவது யூனிட்டில் வலை முன்னால், ஒரு கோல் முன்னிலையில் இருக்கிற கடைசி நிமிடத்தில் பெஞ்சில். இதை அவரிடம் சொல்கிற தைரியம் பயிற்சியாளருக்கு வேண்டும், பொறுமையோடு கேட்டுக்கொள்கிற மனசு அவருக்கும் வேண்டும். பழைய பயிற்சியாளர் டிபோயர் போய் க்ளென் குலுட்சன் திரும்ப வந்திருக்கிறார். 2013-ல் பென் கேப்டன் ஆவதற்கு முந்தைய இரண்டு சீசனும் இதே டாலஸில் அவருக்குப் பயிற்சியாளராக இருந்தவர், அதனால் பேச்சு ஆரம்பிப்பது கொஞ்சம் சுலபமாக இருக்கலாம்.

2024-25 சீசன் முடிவில் பென் 399 கோலில் நின்றார். நானூறாவது கோல் அன்றைக்கு உங்கள் இரண்டு கட்சியும் ஒன்றாகக் கத்தும், அது எனக்குத் தெரியும். அதற்கு முன்னால், அக்டோபரில் முதல் பத்து ஆட்டம் முடிந்ததும், புள்ளிப் பட்டியலைத் திறக்காமல் ஆட்ட நேரத்தை மட்டும் பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.