மரப் பார்ட்ஸ் மொத்தமா செய்ய பட்டறை தேடுறீங்களா? கேள்வி பதில்

மொத்த ஆர்டர் பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்த கேள்விகளுக்கு பதில் கீழ இருக்கு.

கேள்வி: அண்ணா, டிராயருக்கு உருண்டை கைப்பிடி 5000 வேணும். தெரிஞ்ச ஃபர்னிச்சர் பட்டறைக்காரர் செஞ்சு தரேங்கிறார், குடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அவர் கட்டில், மேஜை அருமையா செய்யலாம், ஆனா ஒரே மாதிரி 5000 கடையறது, அதாவது மரத்தை சுத்த விட்டு உருண்டையா செதுக்கறது, வேற தொழில். உருண்டை சாமான்னா கடைசல் பட்டறை, அதுலயும் காப்பி லேத் (ஒரு மாதிரியைப் பாத்து அதே மாதிரி கடையற மெஷின்) இல்லன்னா தானா கடையற ஆட்டோமேட்டிக் லேத் இருக்கிற இடம். நீளமான பீடிங் (ஓரத்துக்கு அடிக்கிற அலங்காரப் பட்டை), சட்டம்னா மோல்டர் மெஷின், அதாவது டிசைன் கத்தியால நீளவாக்குல சீவுற மெஷின்; பலகையில வளைவு பள்ளம்னா சிஎன்சி ரவுட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி குடையற மெஷின். போன்ல முதல்ல ரேட் கேக்காதீங்க, என்ன மெஷின் இருக்கு, தினமும் அதுல என்ன ஓடுதுன்னு கேளுங்க. பொம்மையும் சுத்தியல் கைப்பிடியும் கடையறவங்களுக்கு உங்க கைப்பிடி பழக்கமான வேலை.

கேள்வி: சார், நாலு இடத்துல விலை கேட்டா நாலும் நாலு விதமா இருக்கு, ஏன்?

பதில்: போட்டோ மட்டும் அனுப்பியிருப்பீங்கன்னு நினைக்கிறேன். ஒருத்தர் பாலிஷோட சேத்து சொல்லியிருப்பார், ஒருத்தர் வெறும் மரத்துக்கு சொல்லியிருப்பார். என்ன மரம், அளவு, எவ்வளவு வழவழப்பு, முடிச்சு இருந்தா பரவாயில்லையா, எல்லாத்தையும் டிராயிங்லயே எழுதுங்க. டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம்ங்கறது, இன்னொரு சாமானோட பொருந்துற இடத்துக்கு மட்டும் போதும், எல்லா அளவுக்கும் இறுக்கமா போட்டா விலை ஏறும். அப்புறம் 500, 2000, 5000ன்னு தனித்தனியா ரேட் வாங்குங்க, மெஷின் செட் பண்ற செலவு எப்படி பிரியுதுன்னு அப்பதான் தெரியும்.

கேள்வி: சாம்பிள் கச்சிதமா இருந்துச்சு அண்ணா, லோடு வந்து ரெண்டு மாசத்துல ஓட்டையில டோவல் (இணைக்கிற உருண்டை மரக்குச்சி) நுழைய மாட்டேங்குது. ஏமாத்திட்டாங்களா?

பதில்: ஏமாத்தினாங்கன்னு சொல்ல முடியாது, ஈரம்தான் காரணமா இருக்கும். மரத்துல ஈரம் சுமார் 30 சதவீதத்துக்கு கீழ இறங்குறப்பதான் சுருக்கம் ஆரம்பிக்குது, நீளவாக்குல அனேகமா ஒண்ணும் ஆகாது, குறுக்கால நல்லாவே சுருங்கும். அதனால ஈர மரத்துல போட்ட வட்ட ஓட்டை காய்ஞ்சதும் முட்டை வடிவமாயிடும். வெர்னியரை (நுணுக்கமா அளக்குற கருவி) ஓட்டைக்குள்ள விட்டு மர ரேகையோட ஒரு தடவை, ரேகைக்கு குறுக்க ஒரு தடவை அளந்து பாருங்க, குறுக்க கம்மியா காட்டினா இதேதான். சாம்பிளுக்கு காய்ஞ்ச துண்டு எடுத்திருப்பாங்க, லோடுக்கு புது மரம் வந்திருக்கும். அடுத்த தடவை ஆர்டர்லயே ஈரப்பதம் எவ்வளவுன்னு எழுதுங்க, ஹீட்டர் ஓடுற வீட்டுக்கு 6-8 சதவீதம், மத்தபடி போய்ச் சேர்ற இடத்து காத்தைப் பொறுத்து 8-12. லோடு ஏத்துறதுக்கு முன்னாடி சும்மா நாலஞ்சு துண்டை வெட்டி நடுப்பகுதியில ஈரம் அளக்குற மீட்டர் வச்சுப் பாக்கணும், மேல்தோல் காய்ஞ்சும் உள்ள ஈரமாவும் இருக்கும். இதுல மட்டும் தயவுசெஞ்சு விட்டுக்குடுக்காதீங்க.

கேள்வி: சிஎன்சில பள்ளத்தோட மூலை சதுரமா வரலையே?

பதில்: வராதுங்க, சுத்தி வெட்டுற பிட் (வெட்டுக் கத்தி) உருண்டை. 6 மில்லி பிட்னா மூலையில 3 மில்லி வளைவு நிக்கும். உள்ள போற துண்டோட மூலையை உருட்டிடுங்க, உளி வச்சு கையால செதுக்கச் சொன்னா மொத்த ஆர்டர்ல கூலி தாங்காது.

கேள்வி: எங்க பார்ட்டுக்குன்னு தனி கத்தி செய்ய காசு கேக்குறாங்க அக்கா, குடுக்கலாமா?

பதில்: குடுக்கலாம்மா, மோல்டர்ல புது டிசைன்னா கத்தி செஞ்சே ஆகணும். ஆனா அந்தக் கத்தி உங்களுதுன்னு பில்லுல எழுதி வாங்கிக்கோங்க, பட்டறை மாறினா கையோட எடுத்துட்டுப் போகலாம். அப்படியே முதல்ல 50 பீஸ் ஓட்டி, அதுல ரெண்டுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கோங்க, பின்னாடி தகராறு வந்தா அந்தப் பீஸை எடுத்து வச்சுப் பேசலாம்.