பதில்: ஹீப்ருவில் எழுத்து வரிசை குழம்புவது பற்றி

ஆங்கிலத்தில் எழுத்து இடம் மாறியிருந்தாலும் படித்துவிடுகிறேன், ஹீப்ருவில் மட்டும் ஷாமர் (காத்தான்), ராஷம் (பதிவு செய்தான்) இரண்டும் குழம்புகின்றன என்கிறீர்கள். உங்கள் கண்ணில் கோளாறில்லை. ஹீப்ரு வாசிக்கும் மனம் தேடுவது பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேரைத்தான். வரிசை மாறினால் அது வேறு வேர்.

மொழி உளவியலாளர் ராம் ஃப்ராஸ்ட் குழுவினர் 1997-இல் வேரைக் கணநேரம், கவனத்துக்கே எட்டாதபடி காட்டினார்கள். அதே வேரில் பிறந்த சொல்லை வாசகர்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள், பொருள் ஒட்டாதபோதும்! வேரைச் சொல்லாக்கும் உயிரொலிகளும் ஒட்டுகளும் சேர்ந்த அச்சுதான் வார்ப்பு. பெயர்ச்சொல் வார்ப்பைக் காட்டினால் இந்தப் பலன் இல்லை. வினை வார்ப்புக்கு உண்டு என்று 1998-இல் தெரிந்தது.

ஆகவே சொற்களைப் படிக்க அகரவரிசைப் பட்டியலை ஓரங்கட்டுங்கள். காதவ் (எழுதினான்), மிக்தவ் (கடிதம்), க்தோவெத் (முகவரி) என்று ஒரே வேரின் குடும்பமாகப் படியுங்கள். வினை வார்ப்புகள் ஏழுதான், அவற்றை முதலில் முடியுங்கள்.