8 லிட்டர் தண்ணீர் குடித்தும் தலை சுற்றுகிறதே, ஏன்?

கேள்வி: வயது 46. ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்கரையை ஒட்டிய ஊர், கொத்தனார் வேலை. கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்துவிட்டு, போன வாரம்தான் மறுபடி வேலைக்குப் போனேன். அக்னி நட்சத்திர வெயிலுக்குப் பயந்து ஒரு நாளைக்கு 8 லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன். சிறுநீர் பச்சைத்தண்ணீர் மாதிரிதான் போகிறது. ஆனாலும் மத்தியானத்துக்கு மேல் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, தலைசுற்றல், குமட்டல். பிரஷருக்கு ஒரு வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன், அதில் ஒன்று நீர் பிரியும் மாத்திரை என்றார்கள். பிரஷர் என்பதால் உப்பை அறவே விட்டுவிட்டேன். இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடிக்க வேண்டுமா? எங்கள் வீட்டு ஆடும் வாசல் வேப்பமரமும் நாள் முழுக்க வெயிலில்தான் நிற்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லையே என்று மனைவி கேட்கிறாள்.

பதில்: வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம். உங்களுக்கு இப்போது தண்ணீர் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் கூடிப்போய், ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பின் அளவு, இறங்கியிருக்குமோ என்பதுதான் என் சந்தேகம். கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நாளைக்கே போங்கள்.

வெயிலில் செங்கல் தூக்கும்போது வெளியிலிருந்து வரும் சூடு பாதி என்றால், உங்கள் தசைகளே உண்டாக்கும் சூடு மீதி. உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று பாதாம்பருப்பு அளவுக்கு ஒரு பகுதி இருக்கிறது, அதுதான் இதற்குக் காவல். ரத்தம் சூடாகிறது என்று தெரிந்ததும் அது தோலுக்கு அதிக ரத்தத்தைத் திருப்பிவிட்டு, வியர்வைச் சுரப்பிகளையும் திறந்துவிடும். 1 லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூடு உடம்பைவிட்டுப் போகும். ஆவியானால் என்பதுதான் இங்கே விஷயம். மண்பானைத் தண்ணீர் காற்றில் ஈரம் இல்லாத நாளில் ஜில்லென்று இருக்கும், புழுக்கமான நாளில் அவ்வளவாகக் குளிராது, கவனித்திருப்பீர்கள். உங்கள் ஊர்க் கடற்காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுகிறது, உடம்பு குளிரவில்லை, அதனால் மேலும் வியர்க்கிறது. சொட்டிய வியர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஆனால் அதனுடன் உப்பு போய்விடுகிறது. 1 லிட்டர் வியர்வையில் ஆளைப் பொறுத்து 1 முதல் 3 கிராம் உப்பு போகலாம். கடுமையான வேலையில் மணிக்கு 1 லிட்டர் வியர்ப்பது சாதாரணம், சட்டை காய்ந்ததும் முதுகில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதுதான் அந்த உப்பு.

போன உப்புக்கு ஈடு எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரை ஊற்றினால் ரசத்தில் தண்ணீர் விட்ட கதைதான். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். உடம்பு அளந்து பார்ப்பது நீங்கள் எத்தனை லிட்டர் குடித்தீர்கள் என்பதை அல்ல, இந்த அடர்த்தியைத்தான். அடர்த்தி 1, 2 சதவீதம் கூடினாலே தாகம் எடுக்கும், கூடவே வாசோபிரஸின் என்ற ஹார்மோன் வெளியாகி, ‘தண்ணீரை விடாதே’ என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். ரத்தம் நீர்த்துப்போனால் அந்த ஹார்மோன் அடங்கிவிடும், உபரித் தண்ணீர் சிறுநீராக வெளியேறும். அதனால்தான் நல்ல ஆரோக்கியமான ஆள் வேண்டாத தண்ணீரைக் குடித்தாலும் நாலு தடவை கூடுதலாகச் சிறுநீர் கழிப்பதோடு சரியாகிவிடுகிறது.

உங்கள் விஷயத்தில் அந்த வாசலை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குமட்டல், வலி, வெயிலில் கடும் உழைப்பு எல்லாமே ரத்தம் நீர்த்திருந்தாலும் அந்த ஹார்மோனைச் சுரக்க வைக்கும். இன்னொன்று மாத்திரை. பிரஷருக்குக் கொடுக்கும் நீர் பிரியும் மாத்திரைகளில் தயசைடு வகை சோடியத்தை வெளியேற்றுவதோடு, உபரித் தண்ணீரை மட்டும் தனியாகப் பிரித்துவிடும் சிறுநீரகத்தின் திறமையையும் குறைத்துவிடும். பொட்டாசியத்தையும் இறக்கும். ‘நீர் பிரியும் மாத்திரைதானே, கூடுதல் தண்ணீரை அது எடுத்துவிடும்’ என்று பலர் நினைக்கிறார்கள், நடப்பது கிட்டத்தட்ட தலைகீழ். சிறுநீர் வெள்ளையாகப் போவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது நீங்கள் நிறையக் குடிக்கிறீர்கள் என்று மட்டும்தான் சொல்லும், ரத்தத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லாது.

கால் இழுப்புக்கு உப்பு ஒன்றுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். இரண்டு மாதம் படுத்திருந்த கால் அது, களைத்த தசையும் இழுக்கும், பொட்டாசியம் குறைந்தாலும் இழுக்கும். அந்த இரண்டு மாதத்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. தினமும் வெயிலில் வேலை பார்க்கிறவரின் உடம்பு ஒன்றிரண்டு வாரத்தில் சூட்டுக்குப் பழகிவிடும்: சீக்கிரம் வியர்க்கும், ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், ஆல்டோஸ்டீரான் என்ற ஹார்மோனின் வேலையால் வியர்வையில் போகும் உப்பு குறையும். சில வாரம் நிழலில் இருந்தாலே இந்தப் பழக்கம் போய்விடும். இருபது வருஷ அனுபவம் கையில் இருக்கலாம், தோலுக்கு நீங்கள் இப்போது புது ஆள்தான். முதல் நாளே முழு நாள் வேலைக்கு இறங்கியது தப்பு. பழைய ஆள் திரும்பி வரும்போது முதல் நாள் பாதி வேலை, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நாலாம் நாள் முழுசாக என்று ஏற்ற வேண்டும். மேஸ்திரி முனகுவார், முனகட்டும்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன், நல்ல கேள்வி. மத்தியானம் 1 மணிக்கு அந்த ஆடு எங்கே நிற்கிறது என்று போய்ப் பாருங்கள், வேப்பமர நிழலில் அசைபோட்டுக்கொண்டிருக்கும். அதிகச் சூடானால் ஆடு மூச்சிரைக்கும், நாயும் அப்படித்தான். மூச்சில் போவது நீராவி, அதில் உப்பு கிடையாது. இந்த விஷயத்தில் அவை நம்மைவிடக் கொடுத்துவைத்தவை. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு, அதனால் குட்டையே கதி என்று கிடக்கும்.

வேப்பமரமும் ஒருவகையில் வியர்க்கிறது. இலையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, அவற்றின் வழியே நீர் ஆவியாகிப் போவதால்தான் இலை சூட்டைத் தாங்குகிறது. மண்ணில் ஈரம் குறைந்தால் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடும். துளையின் இரு பக்கமும் இருக்கும் காப்பு செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேற, பின்னாலேயே தண்ணீரும் வெளியேற, அவை தளர்ந்து துளை மூடிக்கொள்ளும். துளை மூடினால் கரியமில வாயு உள்ளே வராது, உணவு தயாரிப்பு குறைந்துவிடும். அதாவது தண்ணீர் தட்டுப்பட்டால் மரம் வேலையைக் குறைத்துவிடுகிறது, கூலி போனாலும் பரவாயில்லை என்று. உங்கள் மாவட்டத்தில் காரங்காடு பக்கம் அலையாத்தி மரங்களைப் பார்த்திருப்பீர்கள், உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு வேண்டாத உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளும், இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அதற்கு உப்பைத் தள்ளுவது கஷ்டம், உங்களுக்கு இந்த வாரம் உப்பைப் பிடித்துவைப்பது கஷ்டம்.

சரி, இனி செய்ய வேண்டியது. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியேட்டினின் பாருங்கள், முடிவு வரும்வரை வேலைக்குப் போக வேண்டாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் வெயிலில் வேலை என்பதைச் சொல்லுங்கள், வேறு மாத்திரைக்கு அவர் மாற்றலாம். அதுவரை லிட்டர் கணக்கை விட்டுவிட்டுத் தாகத்துக்குக் குடியுங்கள். பிரஷருக்கு உப்பைக் குறைக்கத்தான் சொல்கிறோம், அறவே விடச் சொல்லவில்லை. உங்கள் சமையலில் கொஞ்சம் உப்பு திரும்பி வரட்டும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் வேண்டாம். சோடியம் சரியாகி வேலைக்குத் திரும்பியதும், கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் போதும், அதில் சில டம்ளர் உப்புப் போட்ட நீர்மோராகவோ நீராகாரமாகவோ இருக்கட்டும். நம் பாட்டிமார் ஹார்மோன் பெயர் தெரியாமலே அதைத்தான் கொடுத்தார்கள். சிறுநீரகமோ இதயமோ பலவீனம் என்று யாராவது சொல்லியிருந்தால் இந்த உப்பு யோசனையே உங்களுக்கு இல்லை, டாக்டர் சொல்லும் அளவுதான்.

பேச்சு குழறுவது, ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது, வலிப்பு, ஓயாத வாந்தி இதில் ஏதாவது வந்தால் உடனே 108. சோடியம் இறங்கினாலும் இப்படி வரும், வெயில் தாக்கினாலும் வரும், வித்தியாசம் கண்டுபிடிக்க வீட்டில் முடியாது. தொட்டால் உடம்பு கொதிக்கிறது என்றால் வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, மேலே தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமாலும் அங்கே உதவாது. காய்ச்சலில் மூளையே வெப்ப அளவை ஏற்றிவைக்கிறது, மாத்திரை அதை இறக்கும். வெயில் தாக்கில் மூளை ஏற்றவில்லை, சூட்டை வெளியேற்ற முடியாமல் தோற்றுப்போயிருக்கிறது.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டைகளை மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள். ‘காலையில் போடுகிற சின்ன வெள்ளை மாத்திரை’ என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது.