பொதுக்கூட்டமும் பாகப்பிரிவினையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சேலம் கோட்டைப் பகுதியில் எங்கள் முஹல்லா இளைஞர்கள் சேர்ந்து 'இன்றைய சமூகத்தில் முஸ்லிம் வாழ்வு' என்று ஒரு பொதுக்கூட்டம் வைக்க இருக்கிறோம். பக்கத்துத் தெரு இந்து நண்பர்களையும் அழைக்கும் எண்ணம். இதற்கு முன் நடந்த கூட்டங்களுக்கு வெளியூர்ப் பேச்சாளர்கள் வந்தார்கள், ஆட்களும் நிறைய வந்தார்கள். மறுநாள் டீக்கடையில் கேட்டால் "அருமையா பேசுனாரு" என்பார்கள். என்ன பேசினார் என்றால் யாருக்கும் சொல்லத் தெரியாது. பெண்கள் பக்கமிருந்து ஒரு கேள்விகூட மேடைக்கு வந்ததில்லை. எதை மாற்ற வேண்டும்?

ஒரு வாசகர், கோட்டை, சேலம்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

வ அலைக்குமுஸ்ஸலாம்.

தலைப்பை மாற்றுங்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் பேச்சாளர் கல்வியில் தொடங்கி, வட்டியைத் தொட்டு, வரதட்சணையைக் கண்டித்து, செல்போனைத் திட்டி, உலக அரசியலில் கொண்டுபோய் முடிப்பார். எதுவும் தப்பாக இருக்காது. எதுவும் வீடுவரை வந்தும் சேராது. வட்டி ஹராம் (மார்க்கத்தில் தடுக்கப்பட்டது) என்பது கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும். சேமிப்புக் கணக்கில் தானாக வந்து விழும் வட்டியை என்ன செய்வது என்பதுதான் அவர் கேள்வி. நன்மையை எதிர்பாராமல் ஏழைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பரவலாகச் சொல்லும் பதிலைக்கூட மேடையில் யாரும் சொல்வதில்லை.

ஒரு கூட்டத்துக்கு ஒரே பொருள் போதும். முதல் கூட்டத்துக்கு வாரிசுரிமையை எடுங்கள் என்பேன். தகராறு இல்லாத வீடு குறைவு. முஸ்லிம்களின் குடும்ப, சொத்து விவகாரங்களுக்கான 1937 ஷரீஅத் சட்டத்தின் வழியாக நீதிமன்றத்திலும் செல்லுபடியாகும் விஷயம் இது. அந்தச் சட்டம் முதலில் விட்டுவைத்திருந்த வேளாண் நிலத்தையும் 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் உள்ளே கொண்டுவந்துவிட்டது. விளைநிலம் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அழைக்கும் இந்து நண்பர்களுக்கும் இது புரியும்; அவர்கள் வீட்டிலும் பங்குச் சண்டை உண்டே.

குர்ஆன் வசனத்தை ஓதி விளக்கிவிட்டு நிறுத்தாமல், மேடையில் வெள்ளைப் பலகை வைத்துக் கணக்கு போடச் சொல்லுங்கள். ஒருவர் இறந்துவிட்டார். தகப்பனார் இல்லை, தாய், மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். வஸிய்யத் (உயில்) எதுவும் இல்லை. அடக்கச் செலவு போக விட்டுச்சென்றது 26 லட்சம். கடன் ஒன்றரை லட்சம். மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹர் (திருமணத்தில் கணவன் மனைவிக்குத் தர வேண்டிய தொகை) 50,000, அதுவும் கடன்தான். இரண்டையும் கழித்தால் 24 லட்சம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 லட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 4 லட்சம். மீதி 17 லட்சத்தை ஐந்து பங்காக்கினால் பங்கு 3.40 லட்சம், மகளுக்கு ஒன்று, மகன்களுக்கு இரண்டிரண்டு, அதாவது ஆளுக்கு 6.80 லட்சம்.

நடைமுறையில் பிசகுவது எங்கே என்பதையும் அந்தப் பலகையிலேயே காட்ட வேண்டும். தாயின் பங்கைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள், "அம்மாவை நாங்கதானே பாத்துக்கறோம்" என்று. மஹரைக் கடனாகக் கழிப்பவர்கள் அபூர்வம். மகளுக்கு "கல்யாணத்துக்கே அவ்வளவு செஞ்சாச்சு" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது ஊரறிந்த வழக்கம். கல்யாணச் செலவால் வாரிசுப் பங்கு கழியாது. பங்கைப் பிரித்துக் கையில் கொடுத்த பிறகு அவளாக விட்டுக்கொடுத்தால் அது வேறு. வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவர் பணத்தை வாங்கத்தான் உரியவர், வைத்துக்கொள்ள அல்ல. இதைச் சொல்ல ஒரு வழக்கறிஞரைப் பதினைந்து நிமிடம் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு. தகப்பனுக்கு முன்பே மகன் இறந்துவிட்டால் பேரப்பிள்ளைகளுக்கு என்ன? வேறு மகன் உயிரோடு இருந்தால் அவர்களுக்கு வாரிசுப் பங்கு இல்லை. பாட்டனார் மூன்றில் ஒரு பங்குக்குள் அவர்களுக்கு வஸிய்யத் எழுதிவைக்கலாம். பல பேச்சாளர்கள் முதல் பாதியைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார்கள். கேட்பவர் மனதில் கசப்பு மட்டும் தங்கும். உங்கள் பேச்சாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முத்தலாக் (ஒரே நேரத்தில் மூன்று முறை தலாக் சொல்லி மணவிலக்குச் செய்வது) பற்றியும் கேள்விச் சீட்டு வரும். அது செல்லாது என்ற 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதைக் குற்றமாக்கிய 2019 சட்டம், மூன்றாண்டு வரை சிறை என்று இரண்டு வாக்கியத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டு மேலே போகலாம். அதில் இறங்கினால் அன்றைய கூட்டம் அதோடு போச்சு.

பெண்களின் கேள்வி வராததற்குக் காரணம் கூச்சம் மட்டுமல்ல. துண்டுச் சீட்டு திரைக்குப் பின்னாலிருந்து கைமாறி வருவதற்குள் நன்றியுரை தொடங்கிவிடும். இரண்டு வாரம் முன்பே பெண்கள் மதரசாவில் ஒரு பூட்டிய பெட்டி வையுங்கள். சீட்டில் பெயர் வேண்டாம். ஒரே மாதிரி கேள்விகளை ஒரு பெண் ஆசிரியையே சேர்த்துப் பத்தாகச் சுருக்கட்டும். மேடையில் முதலில் அந்தப் பத்து, பிறகு ஆண்கள்.

நேரத்தைப் பற்றி: மஃரிபுக்குப் (அந்தித் தொழுகை) பிறகு வைத்தால் கிராஅத் (குர்ஆன் ஓதுதல்), வரவேற்பு, பொன்னாடை முடிவதற்குள் இஷா (இரவுத் தொழுகை) வந்துவிடும், தொழப் போனவர்களில் பாதிப்பேர் திரும்ப மாட்டார்கள். பத்து பேருக்குப் பொன்னாடை போர்த்தினாலே இருபது நிமிடம் போய்விடும் (இதை நிறுத்தினால் சண்டை வரும், தெரியும், நிறுத்துங்கள்). இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை அணைத்தாக வேண்டும். ஞாயிறு காலை 10.30க்கு ஒரு மண்டபத்துக்குள் தொடங்கி, லுஹர் ஜமாஅத்துக்கு (நண்பகல் கூட்டுத் தொழுகை) முன் முடிப்பது உத்தமம். பேச்சு 40 நிமிடம், கேள்வி ஒரு மணி நேரம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். வண்டியும் நுழையாது, நீங்கள் அழைக்கும் நண்பர்களும் வர முடியாது.

சேலத்துக்கே உரிய சிக்கல் மொழி. உருது பேசும் வீடுகளில் பிள்ளைகள் தமிழில் படித்தவர்கள், வயதான பெண்களுக்கு உருதுதான் சுலபம். இரண்டிலும் முழுதாகப் பேசினால் நேரம் பாதியாகிவிடும். பேச்சு தமிழில் இருக்கட்டும். பதில்களின் சாரத்தை மட்டும் ஒருவர் உருதுவில் சொல்லட்டும்.

ஜகாத்தை (சொத்திலிருந்து கொடுக்க வேண்டிய கட்டாய தர்மம்) அடுத்த கூட்டத்துக்கு வையுங்கள். கொலுசுப் பட்டறைக்காரர் வியாபாரியிடம் கூலிக்கு வாங்கிவைத்த வெள்ளி அவர் சொத்தில் சேராது என்பதிலிருந்து தொடங்கலாம். பேச்சாளரைக் கடலோர ஊரிலிருந்து அழைப்பதாக இருந்தால் அவர் மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவு, ஷாஃபியா ஹனஃபியா என்று) கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் அணியும் நகைக்கு ஷாஃபியில் ஜகாத் இல்லை, ஹனஃபியில் உண்டு. உங்கள் பக்கம் பெரும்பாலோர் ஹனஃபி. சொல்லாமல் விட்டால் அன்றிரவே வீட்டுக்கு வீடு வாக்குவாதம்தான்.

வீடியோ எடுப்பதென்றால் கேள்வியோடு சேர்த்து முழுதாக ஏற்றுங்கள். ஒரு நிமிடத் துண்டுகளாக வெட்டத் தராதீர்கள். கூட்டத்துக்கு மறு ஞாயிறு, அந்த ஆலிமோ உள்ளூர் இமாமோ வழக்கறிஞரோடு மதரசாவில் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். பத்திரத்தோடு வருபவர்கள் அன்றுதான் வருவார்கள். அதற்கான அறிவிப்பை நோட்டீஸிலேயே அச்சடித்துவிடுங்கள்.